எங்கள் லைனில் டேலியா யாருக்கு?

ராஜம்மா அக்கா டேலியாவின் மேல் விரலை வைத்தபோது, அவருக்குக் கொடுப்பதற்காகத்தான் அம்மா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

டேலியா என்றால் செடியில் நிற்கும் டேலியா அல்ல. அது பூப்பதற்கு இன்னும் ஒரு மழைக்காலம் பாக்கி இருந்தது. பெங்களூரிலிருந்து தபாலில் வந்த விதைக் கேட்லாக்கில், வழவழப்பான தாளில், ஒரு குழந்தையின் தலையளவுக்கு அச்சாகியிருந்த டேலியா.

ராஜம்மா அக்கா எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்று, மேலே தகரக் கூரையும் ஒன்று. அவர் வீட்டில் குழம்புக்குத் தாளித்தால் எங்கள் வீட்டில் தும்மல் வரும். அப்படிப்பட்டவர், மாவு பிசைந்த கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, அந்தப் படத்தை மெல்லத் தடவினார்.

"எஸ்தரம்மா, தப்பா நெனக்காதீங்க. நீங்க பெங்களூரு போறதா இருந்தா, டேலியாவ எங்க ஊட்டுக்கு எழுதிக்கறேன். வேற யார்னா எழுதிக்கினா மனசுக்குக் கஷ்டமா இருக்கும் பாருங்க."

அம்மா டம்ளரை நீட்டினார். "சக்கர போதுமா பாரு" என்றார்.

இருவரும் டீ குடித்தார்கள். ஒருவர் உயிரோடும் சுகத்தோடும் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பூவுக்கு வாரிசு நியமிக்கப்படும் காட்சியை, நான் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சமூகவியல் பட்டத்துக்காக நான் படித்த எந்தப் பாடத்திலும் இப்படியொரு சொத்துரிமை வரவில்லை.

சென்ற வாரம் குழாயடியைப் பற்றி எழுதினேன். இந்த வாரமும் அதே லைன் வீடுகள்தான், அதே மனிதர்கள்தான். தண்ணீருக்குப் பதில் பூ என்பதால் சண்டை சற்று நாகரிகமாக இருக்கும்.

அம்மா இந்த வீட்டை விட்டுப் போவாரா, மாட்டாரா என்பதுதான் அப்போது எங்கள் குடும்பத்தின் ஒரே கேள்வி. அண்ணன் அதை மாதக்கணக்காகப் போனில் கேட்டுக்கொண்டிருந்தான். பதில் வரவில்லை. அதே கேள்வியை லைன் முழுவதும் சேர்ந்து ஒரு கேட்லாக்கின் வழியாகக் கேட்கும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை.

நான்கு வண்ணத்தில் ஒரு சொர்க்கம்

தோட்டக்கலையின் ஆகச் சிறந்த பகுதி, மண்ணில் கை வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. அந்தப் பகுதிக்குக் கேட்லாக் என்று பெயர்.

கேட்லாக்கில் பூச்சி கிடையாது. வேலி தாண்டி வரும் ஆடு கிடையாது. எல்லாப் பூவும் ஒரே நாளில், ஒரே உயரத்தில், ஏதோ பள்ளி ஆண்டுவிழாவுக்கு நிறுத்தி வைத்ததைப் போல மலர்ந்து நிற்கும். பெட்டூனியாவின் ஊதா, உலகத்தில் எந்தப் பெட்டூனியாவுக்கும் இல்லாத ஊதா. அச்சகத்தில் மட்டுமே பூப்பது. புத்தகத்தைப் பிரித்தவுடன் மூக்கில் ஏறும் மை வாசனையைத்தான் நான் வெகுகாலம் பூவின் வாசனை என்று எண்ணியிருந்தேன்.

அதன் உரைநடை தனி இலக்கியம். "வளமான, நன்கு நீர் வடியும் மண்ணை விரும்பும்" என்று ஒவ்வொரு செடியின் கீழும் எழுதியிருப்பார்கள். விரும்பட்டும். நாங்களும் எவ்வளவோ விஷயங்களை விரும்புகிறோம். "ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ளவும்" என்பது அடுத்த வரி. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்பது எங்கள் கோலார் தங்கவயலில் இறையியல் சார்ந்த வினா. விசுவாசிகள் குடத்தோடு காத்திருப்பார்கள். "முழு வெயில் தேவை" என்று வரும் இடத்தில் மட்டும் நாங்கள் தலை நிமிர்ந்து படிப்போம். அந்த ஒரு தகுதி எங்களிடம் தேவைக்கு மேலேயே இருக்கிறது.

அம்மா கேட்லாக் படிக்கும் விதம் வேறு. கை கழுவி, ஈரம் போகத் துடைத்து, கண்ணாடி போட்டு, முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்குவார். நடுவில் திறப்பது அவருக்குப் பிடிக்காது. ஒவ்வொரு படத்திடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார்.

"இவ்ளோ பெருசா? பொய் சொல்றான்."

"இது நம்ம வெயிலுக்குத் தாங்காது. மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"இது பெரிய ஊட்டுப் பொண்ணு, செலவு ஜாஸ்தி. வாராவாரம் உரம் போடணுமாம்."

சண்டே ஸ்கூலில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை அடக்கி உட்கார வைத்தவர் அவர். பூக்களை வேறு விதமாக நடத்த அவருக்குத் தெரியாது.

எனக்கோ பெயர்கள் போதும். ஸ்வீட் வில்லியம் என்ற பூவை நான் இன்றுவரை நேரில் சந்தித்ததில்லை. ஆனால் பள்ளி நாள்களிலிருந்து அவரோடு எனக்கு நல்ல பழக்கம். வருடம் ஒருமுறை இருபத்தெட்டாம் பக்கத்தில் பார்த்துக்கொள்வோம். ஒருவரை ஒருவர் எதற்கும் தொந்தரவு செய்ததில்லை. மனித உறவுகள் பலவற்றைவிட இது கௌரவமானது.

சில வருடங்களுக்கு முன் அண்ணன் கேட்லாக்கைப் போனிலேயே அனுப்பி வைத்தான். அம்மா இரண்டு முறை விரலால் தள்ளிப் பார்த்தார். "எல்லாம் சரி, இதுல எங்கடி நம்பர் எழுதறது?" என்று கேட்டு, போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அந்தக் கேள்வியின் பொருள் விளங்க, எங்கள் லைனின் அரசியல் சட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஒரு வீட்டுக்கு ஒரு பூ

மைசூர் மைன்ஸ் பக்கம் இன்னும் நிற்கிற வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. சுரங்கக் கம்பெனி ஆள்களுக்காகக் கட்டியது. கம்பெனி போய்விட்டது, ஆள்களில் பாதிப் பேர் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள், வீடுகள் மட்டும் யாரும் சொல்லாததால் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் ஒரு துண்டு நிலம் உண்டு. ஒரு கட்டிலை அதில் போட்டால், படுப்பவரின் கால் தெருவில் இருக்கும்.

அந்தத் துண்டு நிலத்துக்கு ஒரு பொட்டலம் விதையே அதிகம். ஆகவே யாரோ, எப்போதோ, ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். லைன் முழுவதற்கும் ஒரே கேட்லாக். குழாயடி வீட்டில் தொடங்கி ஒவ்வொரு வீடாக அது நகரும். ஒவ்வொரு வீடும் ஒரு பூவைத் தேர்ந்தெடுத்து, படத்தின் பக்கத்தில் தன் வீட்டு நம்பரை எழுத வேண்டும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் எழுதக் கூடாது. எழுதியவர் விதை வாங்கி நாற்று விடுவார். மற்றவர்கள் அவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இப்படியாகக் கிறிஸ்துமஸ் நெருங்கும்போது எல்லா வீட்டிலும் எல்லாப் பூவும் இருக்கும்.

இதைக் கூட்டுறவுச் சிந்தனையின் அரிய எடுத்துக்காட்டு என்று நான் ஒருமுறை ராஜம்மா அக்காவிடம் விளக்கினேன்.

"கூட்டுறவா?" என்றார் அவர். "போன வருசம் ஜின்னியா நாத்து கேட்டதுக்கு அந்தக் கடைசி ஊட்டு மைக்கேலு என்னை இன்னா பாடு படுத்துனாரு தெரியுமா? ரெண்டு வாட்டி போயி டீ குடிச்சிட்டு வந்தேன். மூணாவது வாட்டிதான் நாத்துப் பேச்சே வந்துச்சி."

உண்மைதான். நாற்று கேட்பதற்கு முறை இருக்கிறது. மாலையில்தான் போக வேண்டும். முதலில் உடம்பு எப்படி என்று விசாரிக்க வேண்டும். டீ கொடுத்தால் மறுக்கக் கூடாது. எழும்போது, அப்போதுதான் கண்ணில் பட்டதைப் போல, "அட, நாத்து நல்லா வந்துகீதே" என்று சொல்ல வேண்டும். பூவின் தகுதிக்கேற்ப டீயின் எண்ணிக்கை கூடும். டேலியாவுக்கு நான் கண்டவரை யாரும் ஒரே டீயில் தப்பித்ததில்லை.

டேலியா எங்கள் வீட்டுப் பூ. அப்பா இருந்த காலத்திலிருந்து அதன் பக்கத்தில் எங்கள் நம்பர்தான். எனவே மழைக்காலத்தில் அம்மாவின் செல்வாக்கு, கவுன்சிலரின் செல்வாக்கைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும்.

சட்டத்தில் இன்னொரு விதியும் உண்டு. ஒரு குடும்பம் லைனை விட்டுப் போனால் அதன் பூ பொதுவுக்கு வந்துவிடும். ஒசூருக்குப் போன ஒரு குடும்பம் லாரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோதே, அவர்களுடைய காஸ்மாஸுக்கு மூன்று வீடுகள் போட்டியிட்டன. சாமான் இறக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்று நான் நினைத்தேன். என்னைத் தவிர யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. பீரோவைத் தூக்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரே, யாருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு நிமிடம் நின்று யோசித்துவிட்டுத்தான் மீண்டும் தூக்கினார்.

மைக்கேல் மாமாவின் களையில்லாத் தோட்டம்

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

கேட்லாக்கில் ஒருமுறை, நாற்றுத் தட்டுக்கு மெல்லிய மணல் கலந்தால் நல்லது என்று போட்டிருந்தார்கள். லைனின் கடைசி வீட்டு மைக்கேல் மாமா, சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அதைப் படித்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்திருக்கிறார். வெளியே சயனைடு மேடு. தங்கத்தை எடுத்த பிறகு எஞ்சிய மண், மலை மலையாக. சலித்த மாவைப் போல அத்தனை மெல்லியது. கோடைக்காற்றில் அது எங்கள் சோற்றில் விழும், துணியில் விழும், நுரையீரலிலும் விழும். அதில் எதுவும் முளைக்காது என்று இந்த ஊரில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும்.

மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவர் வாதம் வேறு. "எத்தினி லெவல்ல மண்ணப் பாத்தவன் நானு. இத்தினி வருசம் மழ பேஞ்சிருக்குது. வெசமெல்லாம் எப்பவோ கழுவினு போயிருக்கும்." சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை கொண்டுவந்து, தன் துண்டு நிலம் முழுவதும் தாராளமாகப் பரப்பிவிட்டார்.

ஜின்னியா முளைக்கவில்லை. அது போகட்டும், களையும் முளைக்கவில்லை. எறும்புகள்கூட அடுத்த வீட்டு வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கின.

"லைன்லயே களை இல்லாத ஒரே தோட்டம் என்னுதுதான்" என்று மாமா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

நான் பொறுப்புள்ள பிரஜை. அவர் வீட்டுக்குப் போய், நச்சு உலோகங்கள், குழந்தைகளின் உடல்நலம், நிலத்தடி நீர் ஆகியவற்றை வரிசையாக எடுத்துரைத்தேன். மாமா முழுவதும் கேட்டார்.

"தங்கத்த எடுத்துக்கினவங்க அத்தினி மண்ணையும் எங்க ஊட்டாண்ட உட்டுட்டுப் போனாங்க. அவங்கள யாரும் ஒண்ணும் கேக்கல. நான் ஒரு மூட்ட எடுத்துக்கினு வந்தா நீ சட்டம் பேசற" என்றார்.

பிறகு என் நச்சரிப்பு தாங்காமல், மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, பரப்பிய மண்ணைச் சுரண்டி மூட்டை கட்டி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்க் கொட்டினார். மேடு மீண்டும் முழுமை பெற்றது. சுற்றுச்சூழலுக்கு நான் ஆற்றிய ஒரே உறுதியான தொண்டு அதுதான்.

இப்படிப்பட்ட ஊரில் அம்மாவின் டேலியா எப்படிப் பூக்கிறது என்றால், அந்த மண் இந்த ஊருடையது அல்ல. பேத்தமங்கலத்து ஏரி வற்றிய கோடைகளில், அப்பா ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போய், மூட்டை மூட்டையாக வண்டல் கொண்டுவந்து கொட்டியிருக்கிறார். சுரங்கத்தில் கூரை இடிந்து விழாமல் மரம் முட்டுக் கொடுப்பது அவர் வேலை. நாள் முழுவதும் மண் கீழே விழாமல் பார்த்துக்கொண்டவர், சாயங்காலம் ஏன் மண் சுமக்கப் போனார் என்று அம்மா இன்றும் திட்டுவார். திட்டிக்கொண்டே அந்தப் பாத்தியை வருடா வருடம் கொத்திவிடுவார்.

பால்கனி

அண்ணன் சாம் பெங்களூரில் வேலை பார்க்கிறான். மூன்றாவது மாடியில் வீடு. உள்ளே ஓர் அறை கூடுதல், வெளியே ஒரு பால்கனி. அம்மாவையும் என்னையும் அங்கே கொண்டுபோய்விட வேண்டும் என்பது அவன் திட்டம். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் போன் வரும்.

"ஜெனி, அம்மா இன்னா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"நீ கேட்டியா, கேக்கலியா?"

"கேட்டேன். 'மழ வர்ற மாதிரி கீது, துணிய எடு'ன்றாங்க."

"சும்னே அங்க ஒக்காந்துக்கினு இன்னா பண்றாங்க? தண்ணி கெடையாது. முட்டி வலின்னா கோலாருக்குப் போவணும். நீயும் டெய்லி அந்த ட்ரெய்ன்ல தொங்கிக்கினு வர்ற. செடிதான் வேணும்னா பால்கனில தொட்டி வைக்கலாம். அந்த மண்ணையும் லாரில ஏத்திக்கலாம்."

அவன் சொன்னதில் ஒன்றும் தவறில்லை. அதுதான் தொல்லை.

என் நிலையையும் சொல்ல வேண்டும். பெங்களூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ஏழைகளை அவர்களுடைய விருப்பத்துக்கு மாறாக இடம்பெயர்க்கக் கூடாது என்று அறிக்கை தயாரிப்பது என் பணி. விடியும் முன் கிளம்பும் ரயிலில், முன்னால் நிற்பவரின் டிபன் பாக்ஸ் விலாவில் குத்த, அந்த அறிக்கையைத் திருத்திக்கொண்டே போவேன். அம்மா எப்போது இடம்பெயர்வார் என்பதையும் அதே நேரத்தில் யோசிப்பேன். இரண்டும் வெவ்வேறு கோப்புகள் என்பதால் எனக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

விளைவுகளை எடைபோடுவது என் பழக்கம். இங்கே இருந்தால் அம்மாவின் முட்டி என்னாகும்? அங்கே போனால் அம்மாவே என்னாவார்? அண்ணன் வீட்டு லிஃப்டை அவர் "கேஜ்" என்றுதான் சொல்வார். சுரங்கத்துக்குள் ஆள் இறக்கும் கூண்டின் பெயர் அது. அதில் ஏறும்போதெல்லாம் ஜெபம் செய்வார். இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்ததால் நான் நடுநிலை வகித்தேன். முடிவெடுக்காமல் இருப்பதற்குப் படித்தவர்கள் இப்படியொரு மரியாதையான சொல்லை வைத்திருப்பது பெரிய வசதி.

ஆனால் ரயிலில் தினமும் ஒற்றைக்காலில் நிற்கும்போது, என் தராசு லேசாகப் பெங்களூர் பக்கம் சாயும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசிப் பக்கம்

ராஜம்மா அக்கா விரல் வைத்துவிட்டுப் போன செய்தி, மறுநாளே லைனின் இரண்டு முனைகளையும் தொட்டுவிட்டது. கேட்லாக் எங்கள் வீட்டில்தான் இருந்தது. ராஜம்மா அக்கா வீட்டைத் தவிர மற்ற வீடுகள் எல்லாம் நம்பர் எழுதிவிட்டன. டேலியாவின் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அம்மா பேனாவைத் தொடவே இல்லை.

ஆர்டர் அனுப்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை வந்தது. சாமும் வந்திருந்தான், ஆண்டர்சன்பேட்டையில் வாங்கிய பிரியாணிப் பொட்டலங்களோடு. ஆர்டர் எழுதும் பொறுப்பு மைக்கேல் மாமாவுடையது. கையெழுத்து நன்றாக இருக்கும். அவர் மூக்குக் கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். ராஜம்மா அக்கா, கறிவேப்பிலை கேட்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் வீட்டிலேயே கறிவேப்பிலை மரம் இருக்கிறது.

"எஸ்தரு, எழுதிடும்மா. ஆர்டர் போவணும்" என்றார் மாமா.

"நான் ஒண்ணும் அவசரப்படுத்தல" என்றார் ராஜம்மா அக்கா.

"நீ ஏன் அவசரப்படுத்தப் போற?" என்றார் அம்மா. "தடவித் தடவி பூவோட கலரே போயிட்ச்சி."

எல்லோரும் சிரித்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டேலியா பக்கத்தைத் திருப்பி, பேனாவை அழுத்தி எழுதினார். எழுதியது எங்கள் நம்பர் அல்ல. ராஜம்மா அக்காவின் வீட்டு நம்பர்.

முதலில் அழுதவர், டேலியாவைக் கேட்டவர்தான்.

"அப்போ நெசமாவே போறீங்களா?" ராஜம்மா அக்காவின் குரல் உடைந்தது. "நான் ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன் எஸ்தரம்மா. எனக்கு வேணாம். அடிச்சிடுங்க. மைக்கேலண்ணா, அத அடிச்சிடுங்க."

"அடிச்சா அசிங்கமா இருக்கும்" என்றார் மாமா. ஆனால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கியிருந்தார்.

சாம் பிரியாணியைப் பிரிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். "இந்த வாரமே ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சிட்றேன்மா. இன்னா கலர் வேணும் சொல்லு" என்றான். அவன் முகத்தில் அத்தனை மகிழ்ச்சியை நான் அண்மையில் பார்த்ததில்லை. என் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. மனத்துக்குள், ரயிலில் எதிர்பாராமல் ஜன்னலோர இருக்கை கிடைத்ததைப் போல ஒன்று இருந்தது.

அம்மா இவை எதையும் கவனிக்கவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். எங்கள் லைனில் யாரும் போகாத இடத்துக்குப் போனார். கேட்லாக்கின் கடைசிப் பக்கங்கள் பொறுமைசாலிகளுக்கானவை. ஆகவே அவை எப்போதும் புத்தம் புதியதாக இருக்கும். அங்கே, கோபம் கொண்ட கொக்கின் தலையைப் போல ஆரஞ்சும் நீலமுமாய் ஒரு பூ. பேர்ட் ஆஃப் பாரடைஸ். அதன் பக்கத்தில் எங்கள் வீட்டு நம்பரை எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டு, மைக்கேல் மாமாவிடம் நீட்டினார்.

மாமா கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "வெதையிலேர்ந்து பூக்க மூணுலேர்ந்து அஞ்சு வருசம்... இன்னா எஸ்தரு, பக்கம் மாறிட்ச்சா?"

"மாறல."

"அஞ்சு வருசம் போட்டுக்கீதுமா."

"படிச்சேன்."

சாம் மெதுவாகக் கேட்டான். "தொட்டில வைக்கலாமாமா அத?"

"போட்டுக்கீதா பாருங்கண்ணா."

மாமா விரலால் வரியைத் தொட்டுப் படித்தார். "தரையில நட்டா நல்லா வருமாம். நட்ட எடத்தவிட்டுக் கெளப்புனா, பூக்கறது தள்ளிப் போவுமாம்."

சாம் பிரியாணியைப் பிரிக்கத் தொடங்கினான். பொட்டலத்தின் நூலை அவிழ்க்க அவனுக்கு நெடுநேரம் ஆனது.

"அப்பறம் எதுக்கு எனக்கு டேலியா?" ராஜம்மா அக்கா மூக்கை உறிஞ்சினார்.

"குனிஞ்சிக்கினே இருக்கணும்மா அதுக்கு. நாத்து வுடு, குச்சி நடு, கட்டு, மறுபடியும் குச்சி நடு. என் முட்டி போச்சி. உனக்குத்தான் நல்லாகீதே, நீ பண்ணு." அம்மா கண்ணாடியை உறையில் போட்டார். "நாத்து வந்ததும் ஒரு சாயங்காலம் கேட்டு வருவேன். டீ போட்டு வை. ஒரே டீதான் குடிப்பேன், சொல்ட்டேன்."

அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. உறுப்பினர்கள் எல்லோரும் பிரியாணி சாப்பிட்டார்கள்.

யார் கேட்டது

சாம் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் சொன்னான். "அஞ்சு வருசம்னா, உனக்கும் அந்த ட்ரெய்ன்ல அஞ்சு வருசம்டி."

கணக்கில் அவன் எப்போதும் கெட்டிக்காரன்.

அம்மா கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மணையை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தேன். வார்த்தைகளை முன்பே அடுக்கி வைத்திருந்தேன்.

"அம்மா, இதோட விளைவ யோசிச்சியா? நீ இங்க இருந்தா நானும் இங்கதானே இருக்கணும்?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லணுமா? நான் எப்படிம்மா..."

"வெத எனக்குப் போட்டேன். உனக்கா போட்டேன்?" சாம்பலும் தேங்காய் நாருமாக அம்மாவின் கை நிற்காமல் ஓடியது. "உனக்கு பெங்களூர்ல இருக்கணும்னா போயி இரு. சாம் ஊட்ல இரு, இல்ல ஆஸ்டல்ல இரு. நான் இருன்னு சொன்னேனா? நானே கேக்காதத எனக்காகப் பண்ணிக்கினு, அப்பறம் மூஞ்ச தூக்கி வச்சிக்காத."

"உன்னத் தனியா உட்டுட்டு எப்படிம்மா போறது?"

"தனியாவா?" அம்மா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "நான் இங்க ஒரு வாட்டி இருமுனா, செவுத்துக்கு அந்தாண்ட ராஜம்மா 'இன்னா இருமல்'ன்றா. தனியா இருக்கணும்னாதான் நான் சாம் ஊட்டுக்குப் போவணும். அவனும் அவன் பொண்டாட்டியும் காலையில போனா ராத்திரிதான் வராங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ராஜம்மா அக்காவின் குரல் வந்தது. "இன்னா, என் பேரு அடிபடுது?"

அதைவிட நேர்த்தியான சான்று தேவையில்லை. மாதக்கணக்காக நான் எடைபோட்டுக்கொண்டிருந்த தராசில், என்னை அம்மாவின் தட்டிலேயே வைத்திருந்தேன். அம்மா என்னைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த மாதம் நான் அண்ணன் வீட்டுக்குக் குடிபோனேன். அம்மாவுக்காக அவன் வெளிர்பச்சை பெயிண்ட் அடித்த அறையில் நான் இருக்கிறேன். பால்கனியில் அண்ணி துணி காயப்போடுகிறார். ஆபீஸுக்கு ஒரே பஸ். உட்கார்ந்தே போகிறேன். இடம்பெயர்வு குறித்த என் அறிக்கைகள், உட்கார்ந்து திருத்துவதால், முன்னைவிட உணர்ச்சிகரமாக வருவதாக மேலதிகாரி பாராட்டுகிறார்.

சனிக்கிழமைகளில் அதே ரயிலில் ஊருக்கு வருகிறேன்.

அந்த விதைகள் வந்தபோது லைனே கூடிப் பார்த்தது. கறுப்பு மணி போல, ஒவ்வொன்றின் தலையிலும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குஞ்சம். அம்மா குஞ்சத்தைப் பிய்த்து, ஊறவைத்து, அப்பாவின் பாத்தியில் ஊன்றினார். கேட்லாக் சொன்னபடி ஈரப்பதம் காத்தார். அதாவது அரிசி களைந்த தண்ணீரை ஊற்றினார். பல வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை. "என் தோட்டம் மாதிரியே கீது" என்று மைக்கேல் மாமா தினமும் வந்து ஆறுதல் சொன்னார். கடைசியில் ஒன்றே ஒன்று, பச்சைக் காகிதத்தைச் சுருட்டி வைத்ததைப் போல, மண்ணைக் கிழித்துக்கொண்டு வந்தது.

போன சனிக்கிழமை வெயில் கடுமை. ராஜம்மா அக்கா வீட்டு டேலியாக்கள், சொல்லக் கூடாது, அம்மாவின் டேலியாவைவிடப் பெரிதாகப் பூத்திருந்தன. எங்கள் பாத்தியில் அந்தச் செடி மூன்று இலைகளோடு நின்றது. இலைகளின் மேல் மேட்டுப் புழுதி. அடியில் மண் வெடித்திருந்தது. பையை இறக்கி வைக்காமலேயே நான் செம்பில் தண்ணீர் மொண்டு வந்தேன்.

"ஊத்தாத" என்றார் அம்மா, உள்ளேயிருந்து. எப்படித் தெரிந்ததோ.

"காஞ்சி போயிருக்கும்மா."

"இருக்கட்டும், வுடு. வாரத்துக்கு ஒரு நாள் வர்ற நீ. பாவம் பாத்துப் பாத்தே ஊத்துவ. வேரு அழுகிடும்."